பிறந்தநாள் பிள்ளை கடைசியில் சாப்பிடட்டும்

(ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளன்று நம் குடியிருப்பு ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டதால், இந்தக் காலாண்டு இதழுக்கு எழுதித் தரும்படி செயலாளர் சொன்னார்.)



காலையிலேயே பள்ளியில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி என்று எல்லாம் முடித்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைகளை இன்னொரு பேச்சால் வதைக்க எனக்கு மனமில்லை. பத்தே நிமிடம். வங்கியில் 36 வருடம் கவுன்டரில் உட்கார்ந்தவன் நான். எண்ணிப் பழக்கம் உண்டு, பேசிப் பழக்கம் இல்லை. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காமராஜர் பிறந்தநாளில் நான் பேச வந்திருப்பது நம் வீட்டுப் பிள்ளைகளின் பிறந்தநாளைப் பற்றி. இந்த ஹாலில் இனி பிறந்தநாள் விழா கூடாது என்று ஒரு தீர்மானம் கமிட்டியில் நிலுவையில் இருக்கிறது. ஆகஸ்ட் பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகிறது. நான் அதை எதிர்த்து ஓட்டுப் போடப் போகிறேன். ஏன் என்று உங்களிடம் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிடம்.

தீர்மானம் கொண்டு வந்தவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. மார்ச் மாதம் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போதே ஒரு பையன் நுரை ஸ்பிரேயை அடித்தான். குப்பென்று நெருப்பு மேலே போனது. ஜன்னல் திரை கருகியது, இன்னொரு பையனின் புருவம் பொசுங்கியது. அதோடு போனது, நம் நல்ல காலம். அந்த கேனில் நுரையை வெளியே தள்ளுவது சமையல் கேஸ் மாதிரியான வாயு. தீ அருகே அடிக்கக் கூடாது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். யார் படித்தோம்? திருவிழாவில் விற்கும் ஹைட்ரஜன் பலூனும் அப்படித்தான், ஒரு பொறி போதும். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஆட்கள் மருந்து இருக்கும் இடத்துக்குத் தீப்பெட்டி கொண்டு போக மாட்டார்கள். இந்த வட்டாரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கேக்கைச் சுற்றி நின்ற பெரியவர்கள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான். நானும் அங்கே கைதட்டிக்கொண்டு நின்றேன்.

ஆகவே ஸ்பிரேக்குத் தடை போடுங்கள், கேஸ் பலூனுக்குத் தடை போடுங்கள், இரண்டு கையையும் தூக்குகிறேன். விழாவுக்கே தடை என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை.

எனக்குப் பிறந்தநாள் என்று ஒன்று இருந்ததில்லை. என் வயதுக்காரர்கள் பலருக்கும் இருந்திருக்காது. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார்கள், தொட்டேன், ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். அன்று வாத்தியார் போட்ட தேதிதான் சான்றிதழில் ஏறி, கடைசியில் வங்கியில் ஓய்வு பெறும் நாளையும் முடிவு செய்தது. என் ஆச்சியைக் கேட்டால், பெருமழை பெய்த வருடம், பொங்கல் சாட்டியிருந்த சமயம் என்பாள். அந்தத் தேதிகூட இல்லாதவர்களும் என்னோடு இருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் என் பெஞ்சில் இருந்தவன் ஒருநாள் வரவில்லை. விடியுமுன் ஊருக்குள் வரும் தீப்பெட்டி ஆலை வண்டியில் ஏறிப் போய்விட்டான். அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் அது செய்தியே அல்ல. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, அதற்குப் பிறகுதான் அந்த வண்டிகளில் பிள்ளைகள் குறைந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்தவன் என்பதால், ஒரு பிள்ளைக்கு வருடத்தில் ஒருநாள் கொண்டாட்டம் இருப்பதை வீண் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒருநாளை நாம் நடத்தும் விதத்தில்தான் எனக்கு ஒரு குறை உண்டு. பிள்ளையை நாற்காலியில் உட்கார்த்தி, தலையில் கிரீடம் வைத்து, கேக்கை வெட்டி முதல் துண்டை வாயில் ஊட்டுகிறோம். ஆர்டர் கொடுத்தது அப்பா, அலங்காரத்துக்கு ஆள், விளையாட்டு நடத்தவும் ஆள். பிள்ளை செய்வதெல்லாம் வாங்கிக்கொள்வது மட்டும். வந்தவர்களும் விருந்தாளி, அழைத்தவனும் விருந்தாளி. பிறகு விருந்து போடுவது யார்?

விருந்து என்ற சொல்லுக்கே பழைய பொருள் புதுமை. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர். சாப்பாட்டுக்கு அந்தப் பெயர் பிறகு வந்தது. திருக்குறளில் ஒன்பதாவது அதிகாரம் முழுக்க விருந்தோம்பல்தான். பத்துக் குறளையும் ஒப்பிக்கும் பிள்ளைகள் இந்த ஹாலிலேயே இருக்கிறார்கள். ஆனால் வாசலில் வந்து நிற்கும் மாமாவைப் பார்த்து "வாங்க" என்று சொல்ல அவர்களுக்குக் கூச்சம். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. எங்கே பழகுவார்கள்?

இப்போது என் வீட்டுக் கதை. போன வருடம் ஜூனில் என் பேத்திக்கு ஒன்பது வயது. ஃப்ளாட்டுக்குள்ளேயே விழா வைத்தோம். பாட்டு, கேக், கைதட்டல் எல்லாம் நடந்தது. நடுவில் ஏதோ எடுக்க வெளியே வந்தேன். நம் வாட்ச்மேனின் மகள் படிக்கட்டில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே வயதுதான். தினமும் மாலை கீழே என் பேத்தியோடு விளையாடுகிற பிள்ளை. நான் உள்ளே போய் ஒரு காகிதத் தட்டில் கேக்கும் சிப்ஸும் வைத்துக் கொண்டு வந்து, "கீழ கொண்டு போய் சாப்பிடு தாயி" என்று கொடுத்தேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை, இறங்கிப் போனாள்.

அதை நான் மறந்துவிட்டேன். பேத்தி மறக்கவில்லை.

இந்த வருடம் ஏப்ரலில், உன் பிறந்தநாளுக்கு யார் யாரை அழைக்கலாம் என்று கேட்டபோது, "தாத்தா, போன வருஷம் அவ ஏன் படியிலயே நின்னா?" என்றாள். "கூப்பிடாம எப்படிம்மா உள்ள வருவா?" என்றேன். "அப்ப நாம ஏன் கூப்பிடல?"

கவுன்டரில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்போதுதான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த முறை விழாவை அவளே நடத்தட்டும், நாங்கள் கூட நிற்போம். மகனும் மருமகளும் சரி என்றார்கள். மருமகளுக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது, மறைப்பானேன்.

ரொக்கமாக 4,000 ரூபாய், ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. இவ்வளவுதான் நான் கொடுத்தது. மேலே ஒரு பைசா கிடையாது, மிச்சம் வந்தால் உனக்கு என்று சொன்னேன். பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்தலாம் என்று 2014-ல் ரிசர்வ் வங்கியே அனுமதித்திருக்கிறது. நாட்டின் பெரிய வங்கி நம்பும்போது தாத்தா நம்பினால் என்ன?

முதல் வேலை பட்டியல். இரண்டு நாள் எழுதி எழுதி அடித்தாள். வாட்ச்மேன் மகள் பெயர் இரண்டாவதாக இருந்தது. தன் தலைமுடியைப் பிடித்து இழுத்த ஏ பிளாக் பையனைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மாலை முழுக்க யோசனை. "அவன் தம்பியக் கூப்பிட்டுட்டு அவன விட்டா நல்லாவா இருக்கும்?" என்று அவளே கேட்டு அவளே எழுதிக்கொண்டாள். மொத்தம் 23 பேர்.

அடுத்து அழைப்பு. வாட்ஸ்அப் வேண்டாம், வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வா என்றாள் என் மனைவி. கல்யாணத்துக்குப் பாக்கு வெற்றிலை வைத்து அழைக்கிற ஊர் இது, பிறந்தநாளுக்கு வாயாலாவது அழைக்க வேண்டாமா என்பது அவள் கட்சி. மூன்று மாலை ஆனது. சி பிளாக்கில் காது மந்தமான பெரியம்மாவிடம் நான்கு முறை உரக்கச் சொல்லி, அவர் உட்காரவைத்து முறுக்கு கொடுத்து, பேத்தி வீடு திரும்ப எட்டு மணி. இத்தனை நாள் அந்தப் பெரியம்மா அவளுக்கு லிஃப்டில் பார்க்கும் ஒரு முகம், அவ்வளவுதான்.

ஒரு வீட்டில் மூன்று வாரத்துக்கு முன் துக்கம் நடந்திருந்தது. உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். அந்த வீட்டில் ஐந்து வயதுப் பெண் குழந்தை. துக்க வீட்டில் போய்ப் பிறந்தநாள் என்று எப்படிச் சொல்வது, சொல்லாமல் விட்டால் அந்தக் குழந்தை மேலிருந்து பார்த்துக்கொண்டே இருக்குமே. பேத்தி என் மனைவியைக் கேட்டாள். "முதல்ல போய் உட்காரு. நீயா எதுவும் பேசாத. அவங்களா கேட்டா சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள். போனாள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாளாம். பிறகு அந்த அம்மாவே லீவெல்லாம் எப்படிப் போச்சு என்று பேச்சுக் கொடுக்க, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாப்பாவை மட்டும் நான் கூட்டிட்டுப் போய் விளையாட வைக்கட்டுமா அத்தை?" என்று கேட்டிருக்கிறாள். பிறந்தநாள் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. அந்த அம்மா அழுதுவிட்டு, அனுப்புகிறேன் என்று சொன்னாராம். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமாக வைப்பீர்கள்?

சாப்பாட்டில் அவளுக்கும் எனக்கும் சண்டையே வந்தது. அவளுக்கு பீட்சா. விலையைக் கேட்டு 23-ஆல் பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். பெருக்கிவிட்டு அரைமணி நேரம் பேசவில்லை. பிறகு நம் விருதுநகர் எண்ணெய் பரோட்டா, சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, எலுமிச்சை ஜூஸ், ஒரு கேக் என்று ஆனது. சுற்று வட்டாரமே சப்ளையர் ஆகிவிட்டது. பலூனை வாயால் ஊதினோம், எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

அன்றைக்கு 26 பேர் வந்தார்கள். தம்பி, தங்கை என்று மூன்று பேர் கூட. கேக்கை வெட்டும் முன் பேத்தியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! 24 துண்டு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஓரமாக நின்று மறுபடி எண்ணினாள். துண்டைச் சின்னதாக்கினாள். வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தனக்கு மிச்சம் இருந்த நொறுங்கலை எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் பாட்டி கடைசியில் சாப்பிடுவதைப் பத்து வருடமாகப் பார்க்கிறாள் (பாட்டிகள் மட்டும் கடைசியில் சாப்பிடுவது சரியா என்பது வேறு கேள்வி, அதை நான் வீட்டில் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்).

இந்த இடத்தில் காமராஜர் கதை ஒன்று. நம் ஊரில் எல்லோரும் சொல்லும் கதைதான். 1903-ல் பிறந்தவர் அவர். அப்போது ஊரின் பெயர் விருதுபட்டி, 1923-ல்தான் விருதுநகர் ஆனது. சத்திரிய வித்தியாசாலையில் சிறுவனாகப் படிக்கும்போது விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அளவு காசு போட்டார்கள். பொரி கடலை கொடுக்கும் நேரத்தில் முண்டியடித்தவர்களுக்கு நிறையக் கிடைத்தது. ஒதுங்கி நின்ற காமராஜுக்குக் கொஞ்சம்தான். ஏன் இவ்வளவு குறைவு, நீயும் போய் வாங்கியிருக்கலாமே என்று வீட்டில் கேட்டதற்கு, எல்லோரும் ஒரே காசு கொடுத்தோம், முண்டியடிக்க வேண்டிய அவசியம் என்ன, கொடுப்பவர்கள்தான் சமமாகக் கொடுத்திருக்க வேண்டும் என்றாராம். கவனித்தீர்களா, குறை வரிசையில் நின்றவன் மேல் இல்லை, பரிமாறியவர் மேல். அந்தப் பள்ளிக்கூடமே வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்துவைத்து நடத்திய பள்ளிக்கூடம். வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்தார்கள், பெண்கள் உலை வைக்கும்முன் ஒரு பிடி எடுத்து வைத்தார்கள். அதில் படித்தவர் முதலமைச்சராகி 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். வரிசையில் குறைவாக வாங்கிய பையன் பின்னாளில் பரிமாறும் இடத்தில் உட்கார்ந்தார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

கேக் கதைக்குத் திரும்புகிறேன். விளையாட்டில் தோற்ற நாலு வயசுக்காரன் தரையில் உருண்டு அழுதான். பேத்தி அவனை ஜூஸ் ஊற்றும் வேலைக்கு வைத்துக்கொண்டாள். பாதி தரையில் போனது, அழுகை நின்றது. பரிசுகளில் பென்சில் பாக்ஸ் இரண்டு. போன வருடம் இதே மாதிரி வந்தபோது, "இது என்கிட்ட இருக்கே" என்று கொடுத்த பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னவள் அவள். இந்த வருடம் இரண்டுக்கும் நன்றி சொன்னாள்.

வாட்ச்மேன் மகள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு பழைய நோட்டு. அவள் ஆச்சி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவர். அவர் காலத்திலிருந்து சேர்த்த தீப்பெட்டி லேபிள்களை இரட்டையாக இருப்பதில் ஒவ்வொன்று எடுத்து ஒட்டிக் கொண்டு வந்திருந்தாள். மயில், கப்பல், ரோஜா, மான் என்று பக்கம் பக்கமாக. பிள்ளைகள் கேக்கை விட்டுவிட்டு அந்த நோட்டைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அவள் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கம் சொன்னாள். போன வருடம் இந்தப் பிள்ளையிடம்தான் நான் தட்டைக் கொடுத்துக் கீழே போகச் சொன்னேன்.

எல்லோரும் சேர்ந்து ஹாலைப் பெருக்கினார்கள். துப்புரவு அக்கா மறுநாள் வந்து, "நேத்து இங்க விழாவா நடந்துச்சு?" என்று கேட்டார்.

இரவு கணக்கு. கேக் 1,050. பரோட்டா ஐம்பது 750. காராச்சேவு 320. பால்கோவா 400. வந்தவர்களுக்குக் கொடுக்கப் பேனா 28, விலை 420. தட்டு, கப், பலூன் 260. எலுமிச்சை, சர்க்கரை 150. ஆக 3,350. கையில் 650 இருக்க வேண்டும், 610தான் இருந்தது. போனால் போகிறது நாற்பது ரூபாய்தானே என்றான் என் மகன். வங்கியில் கணக்கு டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம், ஐந்து ரூபாய்க்காக இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கிறோம் என்றேன். கால் மணி நேரம் தேடியபின் அவளே கண்டுபிடித்தாள். ஜூஸுக்கு ஐஸ் கட்டி, அண்ணாச்சி கடை, 40. எழுத மறந்துவிட்டாள். அன்று கிரீடம் வைக்காத குறையை அந்த முகம் தீர்த்துவிட்டது.

ஒரு விஷயம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பிறந்தநாளன்று பிள்ளையை ஆதரவற்றோர் இல்லத்துக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. நல்ல மனசுதான், உணவும் அவர்களுக்கு வேண்டும். ஆனால் முகம் தெரியாத பிள்ளைக்காகத் தினமும் வரிசையாக நின்று கைதட்டிப் பாடுகிற அந்தக் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். கொடுப்பதானால் நம் பிள்ளை கையில் கரண்டியைக் கொடுங்கள், பரிமாறட்டும், கூட உட்கார்ந்து சாப்பிடட்டும். போட்டோ வேண்டாம். நாம் பாடும் அந்த ஆங்கிலப் பிறந்தநாள் பாட்டின் மெட்டும் பிறந்தநாளுக்காகப் போட்டதல்ல. அமெரிக்காவில் லூயிவில் நகரத்தைச் சேர்ந்த ஹில் சகோதரிகள், காலையில் வகுப்புக்கு வரும் குழந்தைகளை வரவேற்கப் போட்ட மெட்டு. 1893-ல் புத்தகமாக வந்தது. வருகிற பிள்ளைக்கு வரவேற்பு, அதுதான் அந்தப் பாட்டின் பூர்வீகம்.

சரி, தீர்மானத்துக்கு வருகிறேன். பொதுக்குழுவில் நான் வைக்கப்போகும் திருத்தம் இது. ஹால் கொடுக்கலாம். ஸ்பிரே, கேஸ் பலூன், வாண மெழுகுவர்த்தி கூடாது. தண்ணீர் வாளி ஒன்றும் பெரியவர் ஒருவரும் கேக் பக்கத்தில் நிற்க வேண்டும். பிள்ளையே வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்க வேண்டும், பெருக்கிவிட்டுத் திருப்பித் தர வேண்டும். இங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் ஹால் உண்டு, அவர்களிடம் வாடகை வாங்கக் கூடாது. அதனால் வருடத்துக்கு எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். மெயின்டனன்ஸ் உயராது.

வாட்ச்மேன் மகளுக்குச் செப்டம்பரில் பிறந்தநாள். அவள் பெயரில் இந்த ஹாலுக்கு விண்ணப்பம் செயலாளர் மேசையில் இருக்கிறது, தீர்மானம் முடிவாகும் வரை நிறுத்தி வைத்திருக்கிறார். அவள் நிறுத்தவில்லை. என் பேத்தியிடம் மிச்சமிருந்த நோட்டை வாங்கிப் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறாள். நேற்று வரை 31 பேர். நான் பதினான்காவது. உங்களில் யார் யார் இருக்கிறீர்கள் என்று பார்த்துவைத்திருக்கிறேன், இப்போது சொல்ல மாட்டேன். அவளே வந்து அழைப்பாள்.